டாரட் கார்டுகளை எண்களை வைத்துப் படிப்பது எப்படி?

குறி பார்க்கப் பயன்படும் டாரட் என்ற படச் சீட்டுகளைக் கற்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சோர்ந்து நின்றுவிடுகிறார்கள். மொத்தம் 78 கார்டுகள். நேராக விழுந்தால் ஒரு பொருள், தலைகீழாக விழுந்தால் வேறு பொருள் என்று 156 பொருள்களை நெட்டுருப் போட வேண்டும் என்று யாரோ சொல்லிவிடுகிறார்கள். முயன்று மனப்பாடம் செய்தாலும், மூன்று கார்டுகளை அடுத்தடுத்து வைத்ததும் அது கைகொடுப்பதில்லை. மூன்று தனித்தனி வாக்கியங்கள் வருகின்றன. அவற்றுக்குள் தொடர்பு பிடிபடுவதில்லை.

எண்ணைப் பிடித்துக்கொண்டால் இந்தப் பாரம் வெகுவாக இறங்கிவிடும். 78-இல் 40 கார்டுகள் ஏஸ் முதல் 10 வரை எண் வரிசையில் வருபவை. 10 எண்களின் குணமும், கோல், கோப்பை, வாள், நாணயம் என்ற 4 பிரிவுகளின் களமும் தெரிந்துவிட்டால் இந்த 40-க்கும் ஓர் அடித்தளம் கிடைத்துவிடுகிறது. எந்தப் பிரிவிலும் சேராத, மேஜர் அர்கானா எனப்படும் 22 தனிப் படக் கார்டுகளிலும் எண் இருப்பதால் அவையும் இதே கணக்குக்குள் வந்துவிடும். மீதி, பேஜ், நைட், குயின், கிங் என்று ஆட்களைக் காட்டும் 16 கோர்ட் கார்டுகள்தான். அவற்றைப் பிறகு பார்ப்போம்.

இந்தக் கட்டுரை முழுக்க நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: ஒரு விஷயம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை எண் சொல்லும். எந்த விஷயம் என்பதைப் பிரிவு சொல்லும். அது எப்படி நடக்கிறது என்பதைப் படம் சொல்லும். நல்லதா கெட்டதா என்று எண்ணிடம் கேட்டால் பதில் கிடைக்காது.

எண் சோதிடம் தெரிந்தவர்களுக்கு

1 சூரியன், 2 சந்திரன், 3 குரு, 4 ராகு, 5 புதன், 6 சுக்கிரன், 7 கேது, 8 சனி, 9 செவ்வாய். இந்தப் பட்டியல் உங்களுக்கு அத்துப்படியாக இருந்தால், டாரட் படிக்கும்போது அதைச் சற்று ஒதுக்கி வையுங்கள். இங்கே கிரகக் கணக்கு வேறு. 1888-இல் லண்டனில் தொடங்கிய கோல்டன் டான் என்ற மறைஞானக் குழு வகுத்த முறையில் 1-ஆம் கார்டான மெஜிஷியனுக்குப் புதன். 3-ஆம் கார்டான எம்ப்ரஸுக்குச் சுக்கிரன். இரண்டையும் கலந்தால் குழப்பம்தான் மிஞ்சும். 8 என்றதும் சனி என்று பயப்படுகிறவர்கள் உண்டு. டாரட்டில் 8-ஆம் கார்டு ஸ்ட்ரெங்த். ஒரு பெண் சிங்கத்தின் வாயை மென்மையாகக் கையாளும் படம். அதைப் பார்த்துப் பயப்பட எதுவும் இல்லை.

இன்னொன்றும் தெரிந்திருப்பது நல்லது. டாரட் 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் சீட்டு விளையாட்டாகப் பிறந்தது. குறி பார்க்கும் பழக்கம் 18-ஆம் நூற்றாண்டு பிரான்ஸில்தான் பரவியது. மேஜர் கார்டுகளின் வரிசை முதலில் எந்தச் சீட்டு எதை வெல்லும் என்பதற்காக ஏற்பட்டது. எண் விளக்கங்கள் எல்லாம் பின்னால் வந்து சேர்ந்தவை. ஆகவே ‘இதுதான் ஒரே சரியான பொருள்’ என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம். இது ஒரு வாசிப்பு முறை. எதிர்காலத்தை நிரூபித்துக் காட்டும் அறிவியல் ஒன்றும் இல்லை.

எந்த டெக் (சீட்டுக்கட்டு) வாங்குவது?

ரைடர்–வெய்ட் டெக்கோடு தொடங்குங்கள். 1909-இல் லண்டனில் வெளியானது. ஆர்தர் எட்வர்ட் வெய்ட் வடிவமைக்க, பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்தார். மைனர் கார்டுகளிலும், அதாவது நான்கு பிரிவுகளின் எண் கார்டுகளிலும், காட்சிகள் இருப்பதுதான் இதன் பெரிய வசதி. எண் சொல்வதைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மார்செய் என்ற பழைய பிரெஞ்சு வகை டெக்கில் 5 கோப்பை என்றால் ஐந்து கோப்பைகளும் கொஞ்சம் அலங்காரமும்தான் இருக்கும். பழகியவர்களுக்கு அது சுதந்திரம், புதியவர்களுக்கு வெறும் சுவர்.

இரண்டுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. ரைடர்–வெய்ட்டில் ஸ்ட்ரெங்த் 8, ஜஸ்டிஸ் 11. மார்செய் வகையில் ஜஸ்டிஸ் 8, ஸ்ட்ரெங்த் 11. எண்ணை வைத்துப் படிக்கிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. புத்தகம் ஒரு டெக்கைப் பற்றியும் கையில் இருப்பது வேறு டெக்காகவும் இருந்தால், கணக்கு அங்கேயே தப்பும். வாங்கியதும் இந்த இரண்டு கார்டுகளின் எண்ணை முதலில் பாருங்கள்.

நான்கு பிரிவுகள்

வாண்ட்ஸ் என்பது கோல்: செயல், ஆர்வம், முனைப்பு. கப்ஸ் என்பது கோப்பை: உணர்வு, உறவு. ஸ்வோர்ட்ஸ் என்பது வாள்: எண்ணம், பேச்சு, முடிவு, மோதல். பென்டக்கிள்ஸ் என்பது நாணயம்: பணம், உடல், வேலை, கையில் தொட்டுப் பார்க்கக் கூடியவை எல்லாம். நெருப்பு, நீர், காற்று, நிலம் என்பது இதே வரிசை. இப்போதைக்கு இவ்வளவு போதும்.

பத்து எண்கள்

இந்தப் பகுதியைப் படிக்கும்போது டெக்கைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் உரிய நான்கு கார்டுகளையும் எடுத்து வரிசையாக வைத்துப் பாருங்கள்.

1, அதாவது ஏஸ். விதை, வாய்ப்பு, முதல் பொறி. நான்கு ஏஸிலும் மேகத்திலிருந்து ஒரு கை நீண்டு எதையோ நீட்டுகிறது. நீட்டுகிறது, அவ்வளவுதான், வாங்கிக்கொள்ளும் ஆள் படத்தில் இல்லை. ஆகவே ஏஸ் வந்தால் ‘கிடைத்துவிட்டது’ என்று சொல்லாதீர்கள். ‘வருகிறது, எடுத்துக்கொள்வது உங்கள் பாடு’ என்று சொல்லுங்கள்.

2: எதிரெதிரே இரண்டு. துணை, தேர்வு, சமநிலை, தயக்கம். 2 கோப்பையில் இருவர் கோப்பை மாற்றிக்கொள்கிறார்கள். 2 வாளில் ஒரு பெண் கண்ணைக் கட்டிக்கொண்டு இரு வாள்களையும் குறுக்காகப் பிடித்திருக்கிறாள். எண் ஒன்று, களம் மாறியதும் சேர்க்கை முட்டுக்கட்டை ஆகிவிடுகிறது.

3: இரண்டின் விளைவு வெளியே தெரிவது. 3 கோப்பையில் கொண்டாட்டம், 3 நாணயத்தில் கூட்டு வேலை. ‘3 என்றால் வளர்ச்சி’ என்று மட்டும் படித்தவர்கள் 3 வாளில் தடுமாறுவார்கள். அதில் இதயத்தில் மூன்று வாள்கள் பாய்ந்திருக்கின்றன. ‘விளைவு வெளிப்படுதல்’ என்று வைத்துக்கொண்டால் பொருந்திவிடும். 2-இல் மூடி வைத்த விஷயம் 3-இல் வெளியே வந்து வலிக்கிறது.

4: நிலைத்தல். நான்கு சுவர், நான்கு கால். பாதுகாப்பு என்றும் சொல்லலாம், தேக்கம் என்றும் சொல்லலாம். 4 நாணயத்தில் ஒருவர் காசை மார்போடு இறுக அணைத்திருக்கிறார்; கைகால் அசைக்க இடமில்லை.

5-ஐப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்களைப் பயமுறுத்துவது இதுதான். 4-இல் உறைந்துபோனதை உடைத்து அசைப்பது 5. நான்கு பிரிவிலும் காட்சி சுகமாக இல்லை: சண்டை, இழப்பு, கசப்பான வெற்றி, வறுமை. ஆனால் ஒவ்வொரு படத்தையும் உற்றுப் பாருங்கள். 5 கோப்பையில் மூன்று கவிழ்ந்து கிடக்கின்றன, அழுபவரின் முதுகுக்குப் பின்னால் இரண்டு நிமிர்ந்து நிற்கின்றன. 5 நாணயத்தில் பனியில் நடக்கும் இருவரின் தலைக்கு மேலே ஜன்னலில் விளக்கு எரிகிறது. 5 கோலில் ஐந்து பேர் கம்பைச் சுழற்றுகிறார்கள், யாருக்கும் காயம் இல்லை. வரிசையின் நடுவில் வரும் எண் இது. இதற்குப் பின்னும் ஐந்து கட்டங்கள் பாக்கி இருக்கின்றன. 5 வந்தவரிடம் ‘எது கலைகிறது?’ என்று கேட்பதோடு ‘எது இன்னும் நிற்கிறது?’ என்றும் கேளுங்கள்.

6: கலைந்தது சீராவது. உதவி, கொடுக்கல் வாங்கல், ஆறுதல். பல புத்தகங்கள் இத்தோடு நிறுத்திவிடும். படங்களைப் பார்த்தால் ஒருவர் மேலேயும் மற்றவர் கீழேயும் இருப்பது தெரியும். 6 நாணயத்தில் வியாபாரி நின்று கொடுக்கிறார், மண்டியிட்டவர்கள் வாங்குகிறார்கள். 6 கோலில் ஒருவர் குதிரை மேல், மற்றவர்கள் நடை. 6 வாளில் படகோட்டி நிற்கிறார், பயணிகள் குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். சீரானது உண்மைதான், யார் தயவில் சீரானது என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

7: நின்று யோசிப்பது, சோதிப்பது. 7 நாணயத்தில் விவசாயி மண்வெட்டியில் சாய்ந்து கொடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இதுவரை போட்ட உழைப்பு தகுமா என்ற கேள்வி அவர் முகத்தில் இருக்கிறது.

8: விசை, திறன், தன் சக்தியை எப்படிச் செலுத்துகிறோம் என்பது. 8 நாணயத்தில் தொழிலாளி திரும்பத் திரும்பச் செதுக்கிக் கை தேர்கிறார். 8 கோலில் எட்டுக் கோல்கள் வானில் பாய்கின்றன. அப்படியானால் 8 வாளில் ஒரு பெண் ஏன் கட்டுண்டு நிற்கிறாள்? கட்டு தளர்வாக இருக்கிறது, கால்கள் கட்டப்படவில்லை, முன்பக்கம் வாளே இல்லை. சக்தி இருக்கிறது, அதைத் தனக்கு எதிராகத் திருப்பி வைத்திருக்கிறாள். இதை 2 வாளோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கும் கண்கட்டு, இங்கும் கண்கட்டு. 2-இல் தள்ளிப்போட்ட முடிவு 8-இல் சிறையாகிவிட்டது.

9: உச்சம், ஏறக்குறைய முடிவு. நான்கு 9-களிலும் ஒரே ஓர் ஆள்தான். கோப்பைகளை அடுக்கி வைத்துத் திருப்தியாய் உட்கார்ந்திருப்பவர், தோட்டத்தில் பருந்தோடு நிற்கும் பெண், தலையில் கட்டுப் போட்ட காவலாளி, நள்ளிரவில் படுக்கையில் எழுந்து முகத்தைப் பொத்திக்கொண்டவர். மேஜரில் 9 ஹெர்மிட், மலை மேல் விளக்கோடு தனியாக நிற்கும் முதியவர். உண்மையில் இந்தத் தனிமை 7-லேயே தொடங்கிவிடுகிறது. 7 வாளில் தூரத்தில் புள்ளியாய்த் தெரியும் சிலரை விட்டால், 7 முதல் 9 வரை இரண்டாவது ஆள் எந்தப் படத்திலும் இல்லை. கடைசிக் கட்டத்தை யாராக இருந்தாலும் தனியாகத்தான் கடக்க வேண்டும் என்று ஸ்மித் நினைத்தாரோ என்னவோ.

10: நிறைவு, கூடவே நிரம்பி வழிதல். 10 கோப்பையில் வானவில்லின் கீழ் குடும்பம். 10 கோலில் சுமை கண்ணை மறைக்கிறது. 10 வாளில் ஒருவர் முதுகில் பத்து வாள்களோடு விழுந்து கிடக்கிறார். ஆனால் தொடுவானம் மஞ்சளாக வெளுக்கிறது. 10-இன் இலக்கங்களைக் கூட்டினால் மீண்டும் 1.

பயிற்சி: ஒரு பிரிவை வரிசையாக வைத்துக் கதை சொல்லுங்கள்

கோப்பைப் பிரிவை ஏஸிலிருந்து 10 வரை வைத்து ஒரே மனிதரின் கதையாகச் சொல்லிப் பாருங்கள். அன்பு ஊற்றெடுக்கிறது, இருவர் சேர்கிறார்கள், நண்பர்கள் கூடுகிறார்கள், 4-இல் சலிப்பு தட்டி நீட்டிய கோப்பையைக்கூடக் கவனிப்பதில்லை, 5-இல் கவிழ்கிறது, 6-இல் பழைய நினைவு இனிக்கிறது, 7-இல் மேகத்தில் ஆசைக் காட்சிகள், 8-இல் அடுக்கிய கோப்பைகளை விட்டு ஒருவர் நடந்து போகிறார், 9-இல் தனக்குத்தானே நிறைவு, 10-இல் பிறரோடு நிறைவு. வாய்விட்டுச் சொல்லுங்கள், எழுதுவதைவிட அது மனதில் நிற்கும். கோப்பை எளிது. வாளை வைத்து இதையே செய்தால்தான் எண்கள் உண்மையில் பிடிபட்டனவா என்று தெரியும்.

மேஜர் கார்டுகளைக் கூட்டிச் சுருக்குவது

இரட்டை இலக்க எண்ணின் இலக்கங்களைக் கூட்டுங்கள். 15 டெவில், 1+5=6, லவ்வர்ஸ். 16 டவர், 1+6=7, சாரியட். 13 டெத், 1+3=4, எம்பரர். 19 சன், 1+9=10, பிறகு 1; ஆக மெஜிஷியன், வீல் ஆஃப் ஃபார்ச்சூன், சன் மூன்றும் ஒரே குடும்பம். அதேபோல் 2, 11, 20 ஒரு குடும்பம். 3, 12, 21 இன்னொன்று. 4 முதல் 9 வரை இரண்டிரண்டு கார்டுகள்தான். ஃபூலுக்கு 0, எந்தக் குடும்பத்திலும் சேர்க்காமல் விடுவதே நல்லது.

லவ்வர்ஸையும் டெவிலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேலே சிறகுள்ள உருவம், கீழே ஆணும் பெண்ணும், அதே அமைப்பு. விரும்பிச் சேர்ந்தது சங்கிலியாவது எப்போது என்று இரண்டும் சேர்ந்து கேட்கின்றன. ஹை ப்ரீஸ்டஸும் ஜஸ்டிஸும் இரண்டு தூண்களுக்கு நடுவே அமர்ந்திருக்கிறார்கள். ஒருத்தி உள்ளே வைத்திருப்பதை மற்றவர் வெளியே தீர்ப்பாகச் சொல்கிறார். எல்லா ஜோடியும் இவ்வளவு அழகாகப் பொருந்தாது. மதகுருவான ஹயரோஃபன்ட் 5 ஆனதால் அவரிடம் ‘கலைப்பு’ இருக்க வேண்டும் என்று இழுத்துப் பிடித்து விளக்குவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எண்ணும் படமும் ஒத்துவராத இடத்தில் படத்தோடு போங்கள்.

விரிப்பில் எண்ணைப் படிப்பது

விரிப்பு என்பது ஒரு கேள்விக்காகக் கார்டுகளை எடுத்து வரிசையாக வைப்பது. ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம்: ‘இந்த வேலையை விட்டு வேறு வேலைக்குப் போகலாமா?’ மூன்று கார்டுகள், நேற்று இன்று நாளை. விழுந்தவை 4 நாணயம், 7 வாள், 8 நாணயம்.

முதலில் எண்களை மட்டும் பாருங்கள். 4, 7, 8. ஏறுமுகம், விஷயம் நகர்கிறது. 9, 4, 2 என்று இறங்கியிருந்தால் பழைய கட்டத்துக்குத் திரும்புகிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். அடுத்து, விட்டுப்போன எண்கள்: 5-உம் 6-உம் இல்லை. நிலையான இடத்திலிருந்து நேராக யோசனைக்குத் தாவியிருக்கிறார். உடைத்துப் பேசுவதும் சமாதானம் காண்பதும் நடக்கவில்லை. பிறகு பிரிவு: இரண்டு நாணயம், நடுவில் வாள். பணமும் வேலையும்தான் களம், தற்போது அது மூளைக்குள் ஓடுகிறது.

இப்போது படம். சம்பளப் பாதுகாப்பை இறுகப் பிடித்திருந்தவர், 7 வாளில் கூடாரத்திலிருந்து ஐந்து வாள்களை எடுத்துக்கொண்டு இரண்டை விட்டுவிட்டு நழுவுகிறார். யாரிடமும் சொல்லாமல் வேலை தேடுகிறார் போலும். எல்லாவற்றையும் கொண்டுபோகவும் முடியாது. 8 நாணயத்தில் பட்டறைத் தொழிலாளி. புது இடத்தில் பதவியோடு நுழையாமல், கை பழகும் ஆளாகத் தொடங்க வேண்டியிருக்கும்.

கடைசியாக மொத்தக் கூட்டல். 4+7+8=19, சன். கூட்டுத்தொகை 21-க்குள் வந்தால் அந்த மேஜர் கார்டையே எடுத்துக்கொள்ளலாம். மீறினால் இலக்கங்களைக் கூட்டுங்கள். 22 வந்தால் சிலர் ஃபூல் என்பார்கள், சிலர் 4 என்பார்கள். ஒன்றை முடிவு செய்து அதிலேயே நில்லுங்கள். இந்தக் கார்டை நான் பலனாகப் படிப்பதில்லை, ஆலோசனையாகப் படிக்கிறேன். இங்கே வந்திருப்பது பட்டப்பகல் வெளிச்சம். நழுவிப் போகும் 7 வாளுக்கு அது தரும் பதில்: பேச வேண்டியவர்களிடம் வெளிப்படையாகப் பேசுங்கள்.

ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால்?

மூன்று கார்டில் இரண்டு 5 வந்துவிட்டால் பதறுகிறவர்கள் உண்டு. கணக்கைப் பாருங்கள். சுருக்கும் முறையில் 1, 2, 3 ஒவ்வொன்றுக்கும் டெக்கில் 7 கார்டுகள். 4 முதல் 9 வரை ஒவ்வொன்றுக்கும் 6 கார்டுகள். மைனர் 10-களையும் 1-இல் சேர்த்தால் 1-க்கு 11 கார்டுகள் ஆகிவிடும். மூன்று கார்டு எடுத்தால் ஏறக்குறைய ஆறு தடவைக்கு ஒரு தடவை ஏதோ ஓர் எண் இரட்டிக்கும். பத்துக் கார்டு விரிப்பில் இரட்டிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். மூன்று சேர்வதுகூட அவ்வளவு அபூர்வம் இல்லை. பெரிய விரிப்பில் நான்கு சேர்ந்தாலோ, மூன்று கார்டு விரிப்பில் மூன்றும் ஒரே எண்ணாக வந்தாலோ நின்று பாருங்கள். எந்த எண், எந்தெந்தப் பிரிவில், எந்த இடத்தில் என்பதை அப்போது விரிவாகப் பேசலாம்.

கோர்ட் கார்டும் தலைகீழும்

பேஜ் 11, நைட் 12, குயின் 13, கிங் 14 என்று எண் கொடுப்பவர்கள் உண்டு, கொடுக்காதவர்களும் உண்டு. தொடக்கத்தில் அவற்றைக் கூட்டலில் சேர்க்காதீர்கள். ஆள் அல்லது நடந்துகொள்ளும் விதம் என்று மட்டும் படியுங்கள். தலைகீழாக விழுந்தாலும் எண் மாறாது. அந்தக் கட்டம் தாமதமாகிறது அல்லது உள்ளுக்குள் நடக்கிறது என்று எடுத்துக்கொண்டால் போதும்.

பிறந்த தேதிக்கும் அந்த ஆண்டுக்கும் ஒரு கார்டு

பிறந்த தேதியிலிருந்து ஒரு மேஜர் கார்டைக் கண்டுபிடிக்கலாம். இதில் இரண்டு வழிகள் உண்டு, விடை சில நேரம் மாறும். 4.5.2001 என்ற தேதியை இலக்கம் இலக்கமாகக் கூட்டினால் 4+5+2+0+0+1=12, ஹேங்ட் மேன். நாள், மாதம், ஆண்டு என்று முழு எண்களாகக் கூட்டினால் 4+5+2001=2010, அதன் இலக்கங்கள் 3, எம்ப்ரஸ். கடைசியாகச் சுருக்கினால் இரண்டும் 3 குடும்பம்தான், ஆகவே சண்டை தேவையில்லை. நான் இரண்டாவது வழியைப் பயன்படுத்துகிறேன்.

ஆண்டுக் கார்டுக்குப் பிறந்த ஆண்டுக்குப் பதிலாக நடப்பு ஆண்டைப் போடுங்கள். அதே நபருக்கு 2026-இல் 4+5+2026=2035, கூட்டினால் 10, வீல் ஆஃப் ஃபார்ச்சூன். ஜனவரியிலிருந்து கணக்கிடுவோரும் உண்டு, பிறந்தநாளிலிருந்து கணக்கிடுவோரும் உண்டு. கார்டு கிடைத்ததும் அதே எண்ணுள்ள நான்கு மைனர் கார்டுகளையும் அதைச் சுற்றி வையுங்கள். இந்த நபருக்கு நான்கு 10-கள். வேலையில் எந்தச் சுமையை இறக்கி வைக்கலாம், வீட்டில் எது நிறைந்திருக்கிறது, எந்த எண்ணத்துக்கு முற்றுப்புள்ளி வைக்க வேண்டும், பணத்தில் யாருக்காகச் சேர்க்கிறோம் என்று நான்கு கேள்விகள் கிடைக்கும். அவற்றைத் தேதி போட்டு நோட்டில் எழுதி வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தால் போதும்.